சீனாவின் மறைக்கப்பட்ட பிள்ளைகள் குடியுரிமை இல்லாதவர்களா?

சீனாவில் ஒரு குழந்தைக் கொள்கையை மீறிப் பிறந்தவர்களுக்குச் சட்டப்படி குடியுரிமையே கிடையாது என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. 1980ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி, சீனப் பெற்றோருக்கு அந்நாட்டில் பிறந்த குழந்தைகள் அனைவரும் குடிமக்களே. அவர்களுக்கு மறுக்கப்பட்டது ‘ஹுகோ’ என்னும் குடும்பப் பதிவுதான். பிறந்த ஒரு மாதத்துக்குள் பதிய வேண்டும் என்று 1958ஆம் ஆண்டு விதி இருந்தும், அபராதம் கட்டினால்தான் பதிவோம் என்று உள்ளூர் அதிகாரிகள் பலர் பிடிவாதமாக நின்றார்கள். சட்டம் தந்ததை அலுவலகம் பறித்துக்கொண்டது என்பதே இதில் கொடுமை. உறவினர் வீட்டில் ஒளித்து வளர்க்கப்பட்டு, பெற்ற தாயையே ‘அத்தை’ என்றழைக்கப் பழக்கப்பட்ட பிள்ளைக்கு, வளர்ந்தபின் அடையாள அட்டையோ திருமணப் பதிவோ கிடைக்கவில்லை. 2010 கணக்கெடுப்பின்படி பதிவில்லாதோர் ஏறத்தாழ 1.3 கோடிப் பேர். எல்லோரையும் நிபந்தனையின்றிப் பதியுமாறு 2016 ஜனவரியில்தான் மத்திய அரசு ஆணையிட்டது.