எழும்பூருக்கு மின்சார ரயில் வந்தது 1931-இல்

"எழும்பூர் 1960கள் வரைக்கும் நிலக்கரி இஞ்சின் ஸ்டேஷன்தான், மின்சார ரயில் அதற்குப் பிறகுதான்; 2015-இல் மெட்ரோவும் வந்துவிட்டது" என்று சென்னை எழும்பூர் நிலையத்தைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

எழும்பூர் வழியாகப் போகிற கடற்கரை – தாம்பரம் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். அப்போது அது மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் அகலம்), மேலே போன கம்பியில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம் (DC). 1960களில் நடந்தது வேறு: அதே பாதையை 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு (AC) மாற்றினார்கள். பல பதிவுகளில் இந்த மாற்றத்தையே தொடக்கம் என்று எழுதிவிடுகிறார்கள், குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. முப்பது வருடத்துக்கும் மேல் ஓடிய ஒரு சேவையை வரலாற்றிலிருந்தே அழித்துவிடுகிற தவறு இது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். நெரிசல் மிகுந்த இந்தப் புறநகர்ப் பாதையில் மீட்டர் கேஜ் மின்ரயில்கள் 2004 வரை ஓடின.

அப்புறம் மெட்ரோ. 2015-இல் திறந்தது கோயம்பேடு – ஆலந்தூர் உயர்மட்டப் பாதை. எழும்பூர் சுரங்க நிலையம் திறந்தது 2018 மே 25-இல், சென்ட்ரல் நிலையத்தோடு சேர்த்து.

எழும்பூர் மெட்ரோவில் என்ன வசதி என்று கேட்டவருக்கு: எழும்பூரில் மெட்ரோவின் பச்சை வழித்தடம் மட்டும்தான். நீல வழித்தடம் வேண்டுமென்றால் அடுத்த நிலையமான சென்ட்ரலில் மாறலாம். கீழே நடைமேடை ஓரம் முழுக்கக் கண்ணாடித் தடுப்பு, ரயில் வந்து நின்ற பிறகுதான் அதன் கதவுகள் திறக்கும். மேலே, ஹென்றி இர்வின் வடிவமைத்த 1908 கட்டடம் இருக்கிற ரயில் நிலையத்தின் புறநகர் நடைமேடையில் அந்தத் தடுப்பு கிடையாது, குழந்தைகளோடு போகிறவர்கள் கவனமாக இருங்கள்.