அந்தப் பணம் யாருடையது என்று கேட்கப் பழக்குவோம்

முன்பின் தெரியாத ஒருவர் கையில் கார் சாவியை வைக்கிறார்கள். கடைக்குள் வந்தவரிடம், "ஒரு நிமிஷத்துல எடுக்க முடிஞ்சதெல்லாம் உங்களுக்குத்தான்" என்கிறார்கள். வட்டத்துக்குள் கடைசிவரை நிற்பவருக்கு ஒரு வீடு. இப்படி வாரி வழங்கும் வீடியோக்களைப் பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்க்கும்போது பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "அதெல்லாம் டுபாக்கூர், போய்ப் படி." இந்தப் பதிலை நாம் விட்டுவிட வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

ஏனென்றால் பல வீடியோக்களில் பணம் நிஜமாகவே கைமாறுகிறது. இந்த வகை வீடியோக்களுக்கே அடையாளமாகிவிட்ட மிஸ்டர் பீஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இயற்பெயர் ஜிம்மி டொனால்ட்சன், அமெரிக்கர், 1998இல் பிறந்தவர். 2017இல் ஒரு நிறுவனம் விளம்பரத்துக்காகக் கொடுத்த 10,000 டாலரை வீடில்லாத ஒருவரிடம் அப்படியே கொடுத்து, அதை வீடியோவாகப் போட்டார். 2024 ஜூனில் உலகிலேயே அதிகச் சந்தாதாரர்கள் உள்ள யூடியூப் சேனல் அவருடையதாகிவிட்டது. நாம் பொய் என்று அடித்துச் சொன்னது உண்மை என்று பிள்ளைக்கு வேறு எங்கிருந்தோ தெரியவந்தால், அப்புறம் நிஜமான மோசடியைப் பற்றி நாம் எச்சரித்தாலும் அது காதில் ஏறாது.

நிஜமா, பொய்யா என்ற கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். அதோடு பேச்சும் முடிந்துவிடும். "அந்தப் பணம் யாருடையது? கொடுத்தவருக்கு அது எப்படித் திரும்பி வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போகும்.

அந்த 2017 வீடியோவிலேயே பதில் இருக்கிறது. கொடுத்தது ஸ்பான்சரின் பணம். கொடுக்கும் காட்சியை லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அதனால் அடுத்த ஸ்பான்சர் இன்னும் பெரிய தொகையோடு வந்தார். யூடியூபிலும் வருமானம் உண்டு. நீளமான வீடியோக்களுக்கு வரும் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் வீடியோ போட்டவருக்குப் போகிறது. எட்டு நிமிடமோ அதற்கு மேலோ ஓடும் வீடியோ என்றால் நடுவிலும் விளம்பரம் செருகலாம். வெற்றியாளர் யார் என்பதைக் கடைசி நிமிடம் வரை இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிகிறது, ஏனென்றால் அந்த இழுவையை அவர்கள் தினமும் அனுபவிக்கிறார்கள்.

இன்னொரு உதாரணமும் சொல்லலாம். 2021 நவம்பரில் மிஸ்டர் பீஸ்ட் ஒரு பிரபலமான கொரியத் தொடரின் விளையாட்டுகளை நிஜத்தில் நடத்தினார். 456 பேர் கலந்துகொண்டார்கள். ஜெயித்தவருக்கு 4,56,000 டாலர். மொத்தச் செலவு சுமார் 35 லட்சம் டாலர் என்று அவரே சொன்னார். அதில் பரிசுகளுக்குப் போனதைவிட செட்டுக்கும் தயாரிப்புக்கும் போனதுதான் அதிகம். ஸ்பான்சர் யார் தெரியுமா? ஒரு மொபைல் கேம். வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்த பையன்களின் போன்களில் ஏற்கெனவே இருக்கக்கூடிய கேம். அந்த கேமுக்குள் காசு போட்டு எதையாவது வாங்கிய ஒவ்வொரு பிள்ளையும் அந்தப் பரிசுக்குத் தன் பங்கைக் கொடுத்திருக்கிறது. 2022இல் அவர் சொந்தமாகவே ஒரு சாக்லேட் பிராண்டையும் தொடங்கிவிட்டார். பரிசு கொடுப்பவரும் பொருள் விற்பவரும் இப்போது ஒரே ஆள். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை, ஒளிவு மறைவும் இல்லை. ஆனால் பார்க்கும் பிள்ளைக்கு இது விளம்பரம் என்று தெரிகிறதா என்பதுதான் எனக்குக் கவலை.

சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழு 2004இலேயே இதைச் சொல்லிவிட்டது: எட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு, விளம்பரம் என்பது நம்மை வாங்க வைப்பதற்காக எடுக்கப்படுவது என்ற புரிதல் வந்திருக்காது. அது தொலைக்காட்சிக் காலம். நிகழ்ச்சி நின்று, விளம்பரம் வந்து, மறுபடி நிகழ்ச்சி தொடரும். இங்கே பரிசு கொடுப்பதே விளம்பரமாக இருக்கிறது, பிரித்துப் பார்க்க ஒரு கோடு கூடக் கிடையாது. அதனால் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளிடம் நீளமாக விளக்குவதில் பயனில்லை. கூட உட்கார்ந்து பாருங்கள், அளவாகக் காட்டுங்கள், போதும். ஒன்பது, பத்து வயதுக்கு மேல்தான் பேச்சு சூடுபிடிக்கிறது.

என் அக்கா மகனுக்குப் பத்து வயது. ஒருநாள் அவனோடு உட்கார்ந்து இப்படி ஒரு வீடியோ பார்த்தேன். யாரோ ஒருவர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார், வீட்டுக்காரர் திறக்கிறார், பணக்கட்டைப் பார்த்ததும் அப்படியே கையால் வாயைப் பொத்திக்கொள்கிறார். நான் அந்த இடத்தில் நிறுத்தி, பத்து நொடி பின்னால் தள்ளி, "இந்தக் காட்சியை எங்க நின்னு எடுத்திருப்பாங்க?" என்று மட்டும் கேட்டேன். பார்த்தான். மறுபடி போடச் சொன்னான். கதவு திறக்கும் காட்சி வீட்டுக்குள்ளிருந்து எடுக்கப்பட்டிருந்தது. வீட்டுக்காரரின் முதுகு தெரிகிறது, அவர் தோளுக்கு மேலே வெளியில் நிற்பவரின் சிரிப்பு தெரிகிறது.

"சித்தி, கதவு திறக்கிறதுக்கு முன்னாடியே கேமரா எப்படி உள்ள போச்சு?"

நான் பதில் சொல்லவில்லை, அவனே தேட ஆரம்பித்துவிட்டான். வீட்டுக்காரரின் சட்டைக் காலரில் சின்னதாக ஒரு மைக். வெளியிலிருந்து ஒரு கேமரா, உள்ளே ஒன்று, முகத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. "அப்ப இவருக்கு முன்னாடியே தெரியுமா? நடிக்கிறாரா?" என்றான். நடிக்கிறார் என்று நான் சொல்லவில்லை. யாரோ வருவார்கள் என்று மட்டும் தெரிந்திருக்கலாம், இவ்வளவு பணம் என்று தெரியாமல் இருந்திருக்கலாம். அழுகை நிஜமாகவே இருக்கலாம். ஒரு முறை திறந்த கதவை இன்னொரு முறை திறக்கச் சொல்லியும் எடுத்திருக்கலாம். "வீடியோவை மட்டும் வெச்சு எதையும் உறுதியா சொல்ல முடியாதுடா" என்றேன். அவன் அதை ஏற்றுக்கொண்டான். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. நம்புவதற்கும் நம்பாமல் இருப்பதற்கும் நடுவில் "எனக்கு இன்னும் தெரியாது" என்று ஒரு இடம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

காட்டாததைப் பற்றியும் பேச வேண்டும். பரிசு வாங்கியவர் அடுத்த மாதம் என்ன ஆனார்? அமெரிக்காவில் போட்டியில் ஜெயித்துக் கிடைக்கும் காரும் வீடும் வருமானக் கணக்கில் வரும், வரி கட்ட வேண்டும். கையில் பணமில்லாத ஒருவருக்கு அது சாதாரணச் செலவா? தோற்றவர்களை எத்தனை நொடி காட்டினார்கள்? கணக்கு பிடித்த பிள்ளையாக இருந்தால் இன்னும் சுலபம். பார்வை எண்ணிக்கை வீடியோவின் கீழேயே இருக்கிறது. பத்துக் கோடிப் பார்வை, ஐந்து பேருக்குப் பரிசு என்றால் எத்தனை பார்வைக்கு ஒருவர் என்று வகுக்கச் சொல்லுங்கள். இரண்டு கோடி என்று எழுதிவிட்டு அந்தப் பூஜ்யங்களைப் பிள்ளை எண்ணட்டும்.

இனி, எனக்கு மிகவும் வலிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். 2023 ஜனவரியில் மிஸ்டர் பீஸ்ட், 1,000 பேருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை செய்ய உதவி அதை வீடியோவாகப் போட்டார். பெரிய விவாதம் நடந்தது. ஒரு பக்கம், "இதையும் குறை சொல்வீர்களா" என்று கோபம். இன்னொரு பக்கம், "மற்றவர் கஷ்டத்தை வைத்துச் சம்பாதிக்கிறார்" என்று கோபம். என்னைக் கேட்டால், 1,000 பேர் கண் தெரிந்து வீட்டுக்குப் போனது நல்ல விஷயம். பிள்ளை அதைப் பார்த்து நெகிழ்ந்தால் அந்த நெகிழ்ச்சியைக் கிள்ளிப் போட நமக்கு உரிமையில்லை. அதற்கு அடுத்த கேள்விக்கு அதன் கையைப் பிடித்துக் கூட்டிப்போவதுதான் நம் வேலை. கண்புரை அறுவை சிகிச்சை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அவ்வளவு சின்ன சிகிச்சைக்காக அவர்கள் ஏன் ஒரு யூடியூபர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது? அரசாங்கங்கள் ஏன் இதைச் செய்வதில்லை என்று அந்த வீடியோ வந்த நாட்களில் அவரே வெளிப்படையாகக் கேட்டார். நம் வீட்டிலும் அதைக் கேட்போம்.

வாங்குகிறவரின் முகம் என்று ஒன்றும் இருக்கிறது. இந்த வீடியோக்களில் அதிகம் ஓடுவது அந்த அழுகைதான், வீடியோவைத் திறக்கும் முன் தெரியும் முகப்புப் படத்தில் போடுவதும் அதைத்தான். கேமராவோடு வந்து உதவி செய்பவரிடம், "என் முகத்தைக் காட்டாதீங்க" என்று சொல்லும் தைரியம், மருந்துக்குக் காசில்லாமல் நிற்பவருக்கு வருமா? சம்மதம் என்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள், சரி. மறுத்தால் உதவி கிடைக்குமா என்ற சந்தேகத்தோடு போட்ட கையெழுத்தும் சம்மதம்தானா? பிள்ளையிடம் இதை இப்படியே கேட்கலாம்: "நீ ரொம்பக் கஷ்டத்துல இருக்கிற நாள்ல ஒருத்தர் உதவி செஞ்சுட்டு, நீ அழுததை உன் கிளாஸ்ல எல்லாருக்கும் காட்டினா சம்மதிப்பியா?" சில பிள்ளைகள் பரவாயில்லை என்பார்கள், சில பிள்ளைகள் துடித்துப்போவார்கள். இரண்டுமே பேச வேண்டிய பதில்கள்தான். "நாமும் இப்படி ஒரு வீடியோ எடுக்கலாமா?" என்று கேட்கிற பிள்ளையிடம் இந்தப் பேச்சைக் கட்டாயம் நடத்திவிடுங்கள்.

கடைசியாக, இந்த வீடியோக்களின் பேரைச் சொல்லி நடக்கும் ஏமாற்று. 2023 அக்டோபரில் டிக்டாக்கில் ஒரு விளம்பரம் வந்தது. மிஸ்டர் பீஸ்ட்டே தோன்றி, 10,000 பேருக்கு ஐபோன் 15 ப்ரோவை வெறும் 2 டாலருக்குத் தருவதாகச் சொன்னார். முகமும் குரலும் செயற்கை நுண்ணறிவில் செய்தவை. இது நானில்லை என்று அவரே எச்சரிக்க வேண்டியதாயிற்று. நிஜமாகவே கொடுப்பவர் ஒருவர் இருப்பதால்தான் போலி எடுபடுகிறது. யூடியூப் விதிப்படி போட்டிகளில் கலந்துகொள்ளக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆகவே "நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், அனுப்பும் செலவை மட்டும் கட்டுங்கள்" என்று யார் சொன்னாலும், எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஓடிபி கேட்டாலும் அப்படித்தான்.

ஒருவேளை பிள்ளை ஏற்கெனவே லிங்கைத் தட்டி, அம்மாவின் போன் நம்பரையோ கார்டு விவரத்தையோ கொடுத்துவிட்டிருந்தால், தயவுசெய்து அன்றைக்குத் திட்டாதீர்கள். உடனே வங்கிக்குச் சொல்லி கார்டை முடக்குங்கள், கடவுச்சொற்களை மாற்றுங்கள், ஏமாற்றியவரின் கணக்கைப் பற்றிப் புகார் கொடுங்கள். எல்லாவற்றையும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே செய்யுங்கள். ஏமாற்றுபவர்களுக்குத் தேவை நேரம். அடி விழும் என்று பயந்து பிள்ளை இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தால், அந்த நேரத்தை நாமே அவர்களுக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.