அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் அடிக்கட்டும், விடுங்கள்

2013 விம்பிள்டன் டென்னிஸில் பெண்கள் ஒற்றையர் கோப்பையை வென்றவர் பிரான்ஸின் மரியான் பார்டோலி. தொடர் முழுக்க ஒரு செட்டைக்கூட இழக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியின் சபீனா லிசிக்கியை 6-1, 6-4 என்று முடித்தார். அதே வருடம் பெண்கள் இரட்டையர் கோப்பையைத் தூக்கியவர்கள் தைவானின் ஷே சு-வெய்யும் சீனாவின் பெங் ஷுவாயும். இந்த மூன்று பேருமே ஃபோர்ஹேண்ட் (ராக்கெட் பிடிக்கும் கைப் பக்கம் வருகிற பந்தை அடிப்பது), பேக்ஹேண்ட் (மறுபக்கம் வருவதை அடிப்பது) இரண்டையும் இரண்டு கையாலும் பிடித்து அடித்தவர்கள். பேக்ஹேண்டை அப்படி அடிப்பவர்கள் இன்று எங்கும் உண்டு. ஃபோர்ஹேண்டையும் அப்படி அடிப்பவர்கள் உலகத் தரவரிசை முழுக்கத் தேடினாலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருப்பார்கள். அந்தக் கொஞ்சம் பேரில் மூவர் ஒரே தொடரில் சாம்பியன்.

"ரெண்டு கையால ஃபோர்ஹேண்ட் அடிச்சா பெரிய ஆட்டத்துல நிக்க முடியாது" என்று நாகர்கோவிலில் ஒரு கோர்ட் ஓரத்தில் வைத்து ஒருவர் சொல்லிக் கேட்டேன். அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன். சொன்னவர் ஒரு பயிற்சியாளர். அவர் பெயரோ இடமோ இங்கே வேண்டாம். நல்ல மனிதர், உழைக்கிறவர். என் அண்ணன் மகள் அவரிடம்தான் டென்னிஸ் பழகுகிறாள். ஐந்தாம் வகுப்பு படிக்கிற ஒல்லிப் பிள்ளை. ராக்கெட்டைக் கையில் வாங்கிய நாளிலிருந்தே இரண்டு பக்கமும் இரண்டு கையாலும்தான் அடிக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளுக்கு அப்படித்தான் வருகிறது. "சார், இப்பவே மாத்தல்லன்னா பின்ன மாத்த முடியாது" என்று அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஒரு கையால் அடிக்கச் சொல்லி, மற்ற கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வைக்கிறார்கள். "ஒத்தக் கையில அடிச்சா பேட்டு திரும்பிப் போவுது சித்தப்பா" என்கிறாள். முன்பு காலையில் எழுப்பாமலே எழுந்து ஷூ போட்டு நின்ற பிள்ளை, இப்போது வயிற்றுவலி என்கிறாள்.

எனக்கு இதில் கோபம் இருக்கிறது. கோபத்தை மட்டும் எழுதிப் பயனில்லை என்பதால் விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில், விதி என்று ஒன்று இருக்கிறதே என்பவர்களுக்கு: ராக்கெட்டை எத்தனை கையால் பிடிக்க வேண்டும் என்று டென்னிஸ் விதியில் எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. இது முழுக்கப் பழக்கம் சார்ந்த விஷயம்.

சரி, இரண்டாவது கை என்ன செய்கிறது? நம்ம ஊரில் மம்பட்டி பிடித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பின்கை இழுக்கும், முன்கை திசை காட்டும். ராக்கெட்டிலும் கிட்டத்தட்ட அதே வேலைதான். ஒல்லியான மணிக்கட்டு தனியாகத் தாங்க வேண்டிய பாரத்தை இரண்டு கை பங்கிட்டுக்கொள்ளும். ராக்கெட் முகம் பந்து வரும்வரை ஆடாமல் நிற்கும். இரண்டு கையும் சேர்ந்திருப்பதால் ராக்கெட்டை ரொம்பப் பின்னால் கொண்டுபோக முடியாது. ஆகவே வீச்சு சின்னது, பலம் தோளும் இடுப்பும் திரும்புவதிலிருந்து வருகிறது. வீச்சு சின்னதாக இருப்பதால் பந்து தரையில் பட்டு எழும்பும்போதே அடித்துவிடலாம், எதிராளிக்கு நேரம் கிடைக்காது. கடைசி நொடியில் திசையை மாற்றுவதும் எளிது. குறுக்கே அடிக்கப் போகிறாரா, நேராகவா என்று எதிரே நிற்பவர் கண்டுபிடிப்பது கஷ்டம். வேகமான சர்வைத் திருப்பி அடிப்பதில் இதன் பலன் அப்படியே தெரியும். பார்டோலி ரிட்டர்ன் அடிக்க, கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனுக்கு உள்ளே வந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இதற்கு விலையும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். எட்டுகிற தூரம் குறைகிறது. ஒரு கையால் ஆடுகிறவர் நீட்டி எடுத்துவிடுகிற பந்துக்கு இவர்கள் இன்னும் ஒரு எட்டு வைக்க வேண்டும். அகலமாகப் போகிற பந்து, காலடியில் தாழ்ந்து வருகிற பந்து, வலைக்குப் பக்கத்தில் நின்று பந்து தரையில் படும் முன்பே அடிக்கிற வாலி, எல்லாமே சிரமம். இன்றைய ஆட்டத்தில் நடால் போன்றவர்கள் கையைச் சாட்டையாக வீசி உண்டாக்கிய அந்தக் கனமான சுழற்சி இரண்டு கையில் வராது. பேக்ஹேண்டில் ஒற்றைக் கை இயல்பாகவே பலம் குறைந்தது, அதனால் இரண்டாவது கை சேர்ந்ததும் லாபம் பெரிது. ஃபோர்ஹேண்டில் ஒற்றைக் கையே பலமானது, லாபம் அந்த அளவுக்கு இல்லை. பேக்ஹேண்ட் உலகம் முழுக்க மாறியபோதும் ஃபோர்ஹேண்ட் மாறாததற்குக் காரணம் இதுதான். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. தானாக இதைக் கண்டுபிடித்து, இதில் நன்றாக ஆடுகிற பிள்ளையிடமிருந்து பிடுங்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

"நிக்க முடியாது" என்ற பேச்சுக்கு மோனிகா செலஸ் ஒருவரே போதும். அன்றைய யூகோஸ்லாவியாவில் நோவி சாட் நகரத்துப் பிள்ளை, இடது கைக்காரர். அப்பா கார்ட்டூன் ஓவியர். மகளுக்கு ஆர்வம் வர வேண்டும் என்று டென்னிஸ் பந்தில் படம் வரைந்து அதை அடிக்கச் சொன்னவர். கார் நிறுத்தும் இடத்தில் அடித்துப் பழகிய பெண், 1990 இல் 16 வயதில் பிரெஞ்சு ஓபனை வென்றார். 1991 ஆஸ்திரேலிய ஓபனில் தொடங்கி 1993 ஆஸ்திரேலிய ஓபன் வரை அவர் ஆடிய கிராண்ட்ஸ்லாம் போட்டிகள் (வருடத்தின் நான்கு பெரிய தொடர்கள்) எட்டு. அதில் ஏழை வென்றார். மிச்சம் ஒன்றில், 1992 விம்பிள்டனில், இறுதி வரை போய் ஸ்டெஃபி கிராஃபிடம் தோற்றார். ஸ்டெஃபியின் ஃபோர்ஹேண்ட் ஒரு கையால் அடிக்கப்பட்டவற்றில் மிகப் பெரிய ஆயுதம். அந்த ஸ்டெஃபியை இரண்டு கை ஃபோர்ஹேண்டோடு ஒரு பெண் முதலிடத்திலிருந்து இறக்கினார் என்பதைப் பயிற்சியாளர்கள் ஒரு தடவை நின்று யோசிக்க வேண்டும்.

செலஸின் ஓட்டத்தை நிறுத்தியது எதிராளியின் ஆட்டமோ, எட்டாத பந்தோ இல்லை. 1993 ஏப்ரல் 30 அன்று ஹாம்பர்க்கில், ஆட்டத்தின் இடைவேளையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது ஸ்டெஃபியின் வெறிகொண்ட ரசிகன் ஒருவன் முதுகில் கத்தியால் குத்தினான். அப்போது அவருக்கு வயது 19. இரண்டு வருடத்துக்கு மேல் ஆடவில்லை. திரும்பி வந்து 1996 இல் மறுபடியும் ஆஸ்திரேலிய ஓபனை வென்றார். அதே இரண்டு கையோடு. இந்தச் சம்பவத்தை எழுதும்போது இப்போதும் மனசு கொதிக்கிறது. அந்தக் கத்தி இல்லாமல் இருந்திருந்தால் உலகம் முழுக்க எத்தனை பிள்ளைகள் இரண்டு கையால் ஃபோர்ஹேண்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. பார்டோலி அப்படி வந்தவர்தானே. அவருடைய அப்பா மருத்துவர், செலஸின் ஆட்டத்தைப் பார்த்துத்தான் மகளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கையைக் கொடுத்தார்.

இது பெண்களுக்கு மட்டும் ஒத்துவருகிற விஷயம் என்றும் நினைக்க வேண்டாம். ஈக்வடாரின் பாஞ்சோ செகுரா சிறுவயதில் எலும்பு நோயால் கால் வளைந்து, பலமில்லாமல் வளர்ந்தவர். ராக்கெட்டை ஒரு கையால் தூக்க முடியாததால் இரண்டு கையால் பிடித்தார். 1940களிலும் 50களிலும் அந்த ஃபோர்ஹேண்டை எதிர்கொண்ட ஜாக் கிரேமர், தான் பார்த்த அடிகளிலேயே தலைசிறந்தது அதுதான் என்று பிறகு எழுதினார். பிரான்ஸின் ஃபாப்ரிஸ் சாண்டோரோ இன்னொரு ரகம். இரண்டு கையாலும் ஃபோர்ஹேண்டை ஸ்லைஸாக, அதாவது பந்தின் அடியை உரசி, வெட்டுவார், பந்து எங்கே எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. உலக முதல் நிலைக்கு வந்த, பூதம் மாதிரி அடிக்கிற மராட் சாஃபினை ஒன்பது ஆட்டத்தில் ஏழு முறை தோற்கடித்திருக்கிறார். ஷே சு-வெய் 2018 விம்பிள்டனில் அப்போது உலக முதலிடத்தில் இருந்த சிமோனா ஹாலெப்பை வெளியே அனுப்பினார். 2023 இல் 37 வயதில் நான்காவது முறையாக விம்பிள்டன் இரட்டையர் கோப்பையையும் வாங்கினார். இவர் ஆட்டத்தைப் பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள். பலம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, கோணமும் நேரமும்தான். ஒல்லிப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டிய ஆட்டம்.

இரண்டு கை பேக்ஹேண்டுக்கும் ஒரு காலத்தில் இதே பேச்சுதான். அமெரிக்க வீராங்கனை கிறிஸ் எவர்ட்டின் அப்பா ஜிம்மி எவர்ட்டே டென்னிஸ் பயிற்சியாளர். சின்னப் பெண்ணுக்கு ஒரு கையால் வீசப் பலம் இல்லாததால் இரண்டு கையால் பிடித்தாள், வளர்ந்ததும் மாற்றிக்கொள்வாள் என்று அவர் நம்பியிருந்தார். அவள் மாற்றவில்லை. 18 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வாங்கினாள். அப்புறம் உலகமே அப்படி அடிக்கத் தொடங்கியது.

நம்ம மாவட்டத்துக்காரர்கள் இதை மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். விம்பிள்டனில் ஒற்றையர் அரையிறுதிக்கு 1960, 1961 என்று இரண்டு வருடம் அடுத்தடுத்துப் போன ராமநாதன் கிருஷ்ணன் நாகர்கோவிலில் பிறந்தவர். அவருக்கு ஊரை நடுங்க வைக்கிற சர்வ் கிடையாது. பந்தைத் தொட்டு வைக்கிற நேர்த்திதான் அவர் ஆட்டம். வேகமான புல்தரையில் மெதுவான சர்வை வைத்து என்ன செய்ய முடியும் என்று யாராவது அவரை மாற்றியிருந்தால் அந்த அரையிறுதிகள் நடந்திருக்குமா?

இங்கே வேறு ஒரு காரணமும் உண்டு. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் திறந்த கோர்ட்டில் ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரிய வீச்சுக்காரர்கள் தடுமாறுவார்கள், பந்து கடைசி நேரத்தில் விலகிப்போகும். சின்ன வீச்சில் அடிக்கிறவர்கள் சமாளிப்பார்கள். என் அண்ணன் மகள் அந்தக் காற்றிலும் பத்துப் பந்தை வரிசையாக உள்ளே போட்டதை நானே பார்த்திருக்கிறேன். கால்பந்தும் வாலிபாலும் கோலோச்சுகிற மாவட்டத்தில் டென்னிஸ் வேண்டும் என்று ஒரு பெண்பிள்ளை வருவதே அபூர்வம். வந்தவளை ஏன் விரட்ட வேண்டும்?

மாற்றாமலே செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. கால் வேலையைக் கூட்டுங்கள், இரண்டு கைக்காரர்களுக்கு அதுதான் உயிர். ரொம்ப அகலமாகப் போகிற பந்துக்கு மட்டும் ஒரு கையை விட்டு எட்டி அடிக்கத் தனியாகப் பழக்குங்கள். வாலிக்கு ஒரு கை வேண்டுமென்றால் அதையும் சொல்லிக்கொடுங்கள், அவள் மாட்டேன் என்று சொல்லப்போவதில்லை. பலம் கூடி 14, 15 வயதில் அவளே ஒரு கைக்கு மாற நினைத்தால் மாறட்டும். அது அவள் முடிவு. பத்து வயதில் கையை முதுகுக்குப் பின்னால் கட்டச் சொல்வது மட்டும் வேண்டாம்.

அண்ணன் அந்தப் பயிற்சியாளரிடம் இன்னொரு முறை பேசிப் பார்க்கிறேன் என்கிறான், பேசட்டும். இதற்கிடையில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இரண்டு கை ஆட்டத்தை அப்படியே வைத்துச் சொல்லிக்கொடுக்கச் சம்மதிக்கிற பயிற்சியாளர் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். காலை ஆறு மணி என்றாலும் கொண்டுவந்து விட நான் தயார்.