கப்பலில் வாழைப்பழம் ஆகாது

(கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் வளவு. அப்பத்தா சீப்புச்சீடையைத் தகர டின்னில் அடுக்கிக்கொண்டிருக்கிறார். சரக்குக் கப்பலில் கேடட்டாக முதல்முறை சேரப்போகும் பேரன் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறான்.)

அப்பத்தா: வெள்ளிக்கிழமை விடியற்காலைப் பல்லவன் ரயிலில் கிளம்பு. வடக்கே சூலம் இல்லை. ராகுகாலம் பத்தரைக்குத்தான், அதற்குள் திருச்சியைத் தாண்டிவிடுவாய்.

பேரன்: வெள்ளிக்கிழமையா? அந்தக் காலத்து வெள்ளைக்கார மாலுமி கேட்டால் மயங்கி விழுந்திருப்பான். இயேசுவைச் சிலுவையில் அறைந்த கிழமை என்று அன்றைக்குப் பாய் விரிக்கவே பயப்படுவார்களாம்.

அப்பத்தா: மகாலட்சுமி வருகிற கிழமையையா வேண்டாம் என்றான்? சரி, ஊருக்கு ஒரு பஞ்சாங்கம். அன்றைக்குக் கட்டாயம் கிளம்பவேண்டி வந்தால் என்ன பரிகாரம்?

பேரன்: பரிகாரம் எல்லாம் கேள்விப்பட்டதில்லை. பயந்துகொண்டே போவார்கள்.

அப்பத்தா: பரிகாரம் இல்லாமல் என்னடா சாஸ்திரம்? உன் பாட்டையா பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனபோது நாள் சரியில்லை. முதல் நாளே நல்ல நேரம் பார்த்து மூட்டையைப் பக்கத்து வீட்டில் பரஸ்தானம் வைத்தார்கள். மூட்டை நல்ல நேரத்தில் கிளம்பிவிட்டது, அவர் தூங்கி எழுந்து காப்பி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

பேரன்: அவர்களும் சிலது ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். கப்பல் கட்டும்போது பாய்மரத்துக்கு அடியில் காசு வைப்பார்கள். ரோமாபுரிக் காலத்துக் கப்பல்களிலேயே அப்படிக் காசு கிடைத்திருக்கிறது.

அப்பத்தா: நிலை வைக்கும்போது நாம் வைக்கிற மாதிரி. பரவாயில்லை, விவரம் தெரிந்தவர்கள்தான்.

பேரன்: காதில் தங்க வளையமும் போடுவார்கள். செத்து எந்தக் கரையில் ஒதுங்கினாலும் அடக்கச் செலவுக்கு ஆகும் என்று.

அப்பத்தா: கடுக்கனைக் கழற்றி அடக்கம் செய்வதா! நம் ஊரில் கடுக்கனைக் கழற்றினால் பங்காளிச் சண்டை முடியவே பத்து வருஷம் ஆகும், பிணம் எங்கே போக? (வாழைப்பழச் சீப்பைப் பெட்டிக்குள் திணிக்கிறார்.)

பேரன்: ஐயோ, அது வேண்டாம்! வாழைப்பழம் கப்பலுக்கு ஆகாது என்பார்கள். தாருக்குள் சிலந்தி ஒளிந்து வரும், ஒரு பழம் பழுத்தால் பக்கத்துச் சரக்கையும் பழுக்க வைத்து அழுகவிடும் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்.

அப்பத்தா: வாழைப்பழம் இல்லாமல் பிள்ளையாருக்கு எதை வைப்பது? ரொட்டியையா? அப்புறம் கப்பல் மூழ்காமல் என்ன செய்யும்!

பேரன்: பூனைக்கு அங்கே ராஜமரியாதை. எலி பிடிக்கும், கயிறும் தானியமும் தப்பும். அதனால் பூனை இருந்தால் அதிர்ஷ்டம்.

அப்பத்தா: குறுக்கே போனால்?

பேரன்: கப்பலில் அது எங்கே போனாலும் குறுக்கேதான்.

அப்பத்தா: (சற்று யோசித்து) கடலுக்கு விதிவிலக்கு என்று வைத்துக்கொள்வோம்.

பேரன்: விசில் அடிக்கக் கூடாது. காற்றைக் கூப்பிட்டுப் புயலை வரவழைத்துவிடுமாம். சமையல்காரருக்கு மட்டும் அனுமதி. விசில் கேட்கிறவரைக்கும் அவர் வாயில் எதையும் போட்டுக்கொள்ளவில்லை என்று தெரியுமே.

அப்பத்தா: அடடே, இது தெரியாமல் போயிற்றே! நம் கல்யாணங்களில் தவசிப்பிள்ளைக்கு ஒரு விசில் வாங்கிக் கொடுத்திருந்தால் முந்திரிப்பருப்பு மிஞ்சியிருக்கும்.

பேரன்: அப்புறம், பெண்கள் கப்பலில் ஏறினால் கேடு.

(சீடை அடுக்கும் சத்தம் நிற்கிறது.)

அப்பத்தா: எந்தக் கட்டையில் போகிறவன் சொன்னான்?

பேரன்: நான் இல்லை! ஆனால் கப்பல் முகப்பில் மரத்தில் பெண் சிலை செதுக்கி வைப்பார்கள். அவளைக் கண்டால் கடல் அடங்குமாம்.

அப்பத்தா: சிலை என்றால் எதிர்த்துப் பேசாது, அதனால் ஆகும். உயிரோடு வந்தால் கணக்குக் கேட்பாள்.

பேரன்: இருந்தும் இரண்டு பேர் ஏறினார்கள். ஆன் போனி, மேரி ரீட். கடற்கொள்ளைக்காரிகள். 1720-இல் ஜமைக்கா பக்கத்தில் இவர்களுடைய கப்பலைப் பிடிக்க ஆட்கள் வந்தபோது, தலைவன் ரேக்கமும் மற்ற ஆண்களும் குடித்துவிட்டுக் கீழ்த்தட்டில் பதுங்கிவிட்டார்களாம். மேலே நின்று சண்டை போட்டவர்கள் இவர்கள்தான் என்று சொல்கிறார்கள்.

அப்பத்தா: கேடு யாரால் வந்தது, பார்த்தாயா? பாவிகள் தூக்கிலா போட்டார்கள்?

பேரன்: ரேக்கத்தைப் போட்டார்கள். இவர்களுக்கும் அதே தீர்ப்புத்தான். ஆனால் இரண்டு பேருமே வயிற்றில் பிள்ளை என்று சொன்னதால் தண்டனையை நிறுத்தி வைத்தார்கள்.

அப்பத்தா: வாயும் வயிறுமாகவா வாளைத் தூக்கினார்கள்! ஒரு வளைகாப்புக்கூட நடந்திருக்காதே.

பேரன்: நம் வீட்டு முகப்பில் படமாகத் தொங்குகிறாரே இங்கிலாந்து ராஜா ஐந்தாம் ஜார்ஜ், அவரும் பதினாறு வயதில் என்னைப்போலக் கப்பலில் பயிற்சியில் இருந்தவர். 1881 ஜூலை 11, விடியற்காலை நாலு மணி, ஆஸ்திரேலியாப் பக்கம். சிவப்பு வெளிச்சத்தோடு ஒரு பேய்க்கப்பல் வந்ததாக அந்தப் பயணக் குறிப்பில் இருக்கிறது. 'பறக்கும் டச்சுக்காரன்' என்பார்கள். கிட்டே போனால் ஒன்றுமே இல்லை. முதலில் பார்த்துச் சொன்ன மாலுமி அன்றைக்கே பாய்மரத்திலிருந்து விழுந்து செத்தான்.

அப்பத்தா: பேய் உலவிய கப்பலில் இருந்தவருக்கா வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி காட்டுகிறோம்? படத்தை இன்றைக்கே கழற்று.

பேரன்: பேய் இல்லை அப்பத்தா. கடல்மேல் குளிர்ந்த காற்றும் சூடான காற்றும் அடுக்காக நின்றால் ஒளி வளையும், எங்கேயோ போகிற கப்பல் ஆகாயத்தில் மிதக்கிற மாதிரி தெரியும்.

அப்பத்தா: அப்படியானால் அந்த மாலுமி ஏன் விழுந்தான்?

பேரன்: ...

அப்பத்தா: கழற்று.

பேரன்: இதெல்லாம் பழைய கதை. இப்போதும் நடப்பது ஒன்று இருக்கிறது. பூமத்திய ரேகையைத் தாண்டும்போது யாராவது ஒருவர் தாடி ஒட்டிக்கொண்டு கடல்ராஜா வேஷம் போடுவார். முதல்முறை தாண்டுகிறவன் அவரிடம் தண்டனை வாங்க வேண்டும். மேலே எதையாவது கொட்டுவார்கள், சில கப்பல்களில் தலைமுடியைக்கூடக் கண்டபடி வெட்டிவிடுவார்கள்.

அப்பத்தா: (டின்னைக் கீழே வைத்துவிட்டு) முடியையா? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற வீடு இது. முருகனுக்குக் கொடுக்காத முடியை ஒட்டுத்தாடிக்காரனுக்கா கொடுப்பாய்? நாளைக்கே பழனிக்கு வண்டி சொல். மொட்டை போட்டுவிட்டுக் கப்பல் ஏறு.

பேரன்: சி.டி.சி. என்கிற மாலுமி அடையாளப் புத்தகத்தில் ஒட்டிய போட்டோவில் முடி இருக்கிறதே! அதிகாரி கேட்டால்?

அப்பத்தா: முருகனிடம் இருக்கிறது, ரசீது வேண்டுமானால் காட்டுகிறேன் என்று சொல். தேவஸ்தானத்தில் மொட்டைக்குச் சீட்டுக் கொடுப்பார்கள், பத்திரமாக வைத்துக்கொள்.