வரைபடம் வேறு, வர்த்தமானி வேறு
"டபிள்யூ.டபிள்யூ.எஃப். மலையகம் முழுவதையும் பாதுகாப்பு வலயமாக்கிவிட்டது, இனி லயத்துக்குப் பக்கத்தில் ஒரு மரக்கறிப் பாத்தி கூடப் போட முடியாது" என்று மேலே எழுதியிருக்கும் அண்ணே, அது தப்பு. டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்பது இயற்கைப் பாதுகாப்புக்கான ஒரு தொண்டு அமைப்பு; அதன் வரைபடத்தில் இருப்பது 'இலங்கை மலை மழைக்காடுகள்' என்ற சூழல் வலயம். உயரம், மழை, மரஞ்செடிகளைப் பார்த்து ஆய்வாளர்கள் பிரித்தது, அதனால் நுவரெலியா பஸ் ஸ்டாண்டும் சுற்றியுள்ள தேயிலை மலையும்கூட அதற்குள் வந்துவிடும். அப்படி ஒரு அமைப்புக்கு இங்கே காணி மேல் என்ன அதிகாரம்? காட்டை ஒதுக்குவது வர்த்தமானி (அரசிதழ்) போட்டு அரசாங்கம்தான், பார்த்துக்கொள்வது வனத் திணைக்களமும் வனஜீவராசிகள் திணைக்களமும். அப்புறம், 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை ஆக்கியதையும் இதோடு போட்டுக் குழப்பாதீர்கள். அது சிவனொளிபாதமலைக் காடு, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூன்றும் மட்டும்.