மெட்டா அனாலிசிஸுக்கு எந்த சாஃப்ட்வேர் என்று கேட்பவர்களுக்கு

"மெட்டா அனாலிசிஸ் பண்ணணும், எந்த சாஃப்ட்வேர் நல்லது?" மாதம் ஒருவராவது இன்பாக்ஸில் கேட்கிறார்கள். ஒரே கேள்வியைப் பற்றிய பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்து ஒரே விடையாக்கும் கணக்குதான் மெட்டா அனாலிசிஸ். எதில் சீக்கிரம் முடியும் என்பதுதான் பெரும்பாலும் அதன் அர்த்தம். எனக்கு அங்கேதான் வருத்தம்.

சீக்கிரம் எல்லாவற்றிலும்தான் முடியும். ரெவ்மேன், ஸ்டேட்டா, ஆர் எதுவானாலும் எண்களைப் போட்டதும் ஃபாரஸ்ட் பிளாட் வந்துவிடும். ஆய்வுக்கு ஒரு சதுரம், எடை கூடினால் சதுரம் பெரிதாகும்; அதன் குறுக்கே போகும் கோடு நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மை விளைவு இருக்கக்கூடிய எல்லை; கடைசியில் ஒட்டுமொத்த விடை ஒரு வைர வடிவில். உள்ளே போட்டது தப்பானாலும் படம் அழகாகத்தான் இருக்கும்.

போன மாதம் ஒரு தம்பி தன் படத்தைக் காட்டினார். ஒரே ஒரு ஆய்வுக்கு மட்டும் பெரிய சதுரம். அதன் கோடு இருக்கிற இடமே தெரியவில்லை. குழுவுக்கு 25 பேரை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு! மூலக் கட்டுரையைத் திறந்தோம். அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்தில் 'ஸ்டாண்டர்ட் எரர்' என்றிருந்தது. சராசரி எவ்வளவு துல்லியம் என்பதைச் சொல்லும் எண் அது. இவர் அதை, ஆளுக்கு ஆள் அளவு எவ்வளவு சிதறுகிறது என்று சொல்லும் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் கட்டத்தில் ஏற்றியிருக்கிறார். டீவியேஷனை ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால், இங்கே 5-ஆல், வகுத்தால் வருவதுதான் எரர். 10 இருக்க வேண்டிய இடத்தில் 2. எல்லா ஆய்வுகளுக்கும் உண்மை விளைவு ஒன்றே என்று கொள்ளும் ஃபிக்ஸ்டு எஃபெக்ட் கணக்கில் அந்த ஆய்வுக்குக் கிடைக்கும் எடை இதனால் 25 மடங்கு ஏறிவிடும். குழுக்களின் சராசரி வித்தியாசத்தை டீவியேஷனால் வகுக்கும் ஸ்டாண்டர்டைஸ்டு மீன் டிஃபரன்ஸ் எடுத்தால் இன்னும் மோசம், விளைவே 5 மடங்கு வீங்கும். 0.4 என்பது 2 ஆகிவிடும். இதைப் பார்த்து எந்த சாஃப்ட்வேரும் "இது சரியா?" என்று கேட்காது.

இன்னொன்று, நாம் தொடாமல் விட்டுவிடும் டீஃபால்ட். உண்மை விளைவு ஆய்வுக்கு ஆய்வு மாறலாம் என்று கொள்ளும் ரேண்டம் எஃபெக்ட்ஸுக்கு டிக் போட்டுவிட்டுப் போகிறோம். அந்த மாறுபாட்டை மதிப்பிடப் பல முறைகள் உண்டு. உள்ளே ஓடுவது 1986-இல் வந்த டெர்சிமோனியன்-லெயர்ட் முறையா, ஆர்இஎம்எல்லா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? ஆய்வுகள் நாலைந்துதான் என்றால் வழக்கமான கணக்கில் நம்பிக்கை இடைவெளி தேவைக்கு மேல் குறுகிவிடும். அதைச் சரிசெய்ய வந்த ஹார்டுங்-நாப் திருத்தம் போட்டால் பெரும்பாலும் விரியும். முடிவே மாறிப்போவதும் உண்டு. இத்தனைக்கும் நான் சிபாரிசு செய்யும், ஆரில் ஓடும் மெட்டாஃபோர் தொகுப்புகூட ஆர்இஎம்எல்லைத் தானாக எடுத்துக்கொள்ளுமே தவிர, அந்தத் திருத்தத்தை நாம் கேட்டால்தான் தரும்.

பிறகு ஏன் மெட்டாஃபோர்? இலவசம் என்பது இருக்கட்டும். நாம் கேட்டது, கேட்காமல் விட்டது எல்லாம் ஸ்கிரிப்டில் வரிவரியாக நிற்கும். மவுஸால் தட்டியதை ஆறு மாதம் கழித்துத் தட்டியவருக்கே சொல்லத் தெரியாது. கட்டுரையோடு டேட்டா ஷீட்டும் ஸ்கிரிப்டும் வைக்காத மெட்டா அனாலிசிஸை இதழ்கள் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு சிகிச்சையைத் தொடரலாமா என்று முடிவெடுப்பவர்கள் அந்தக் கடைசி வைரத்தைத்தான் பார்க்கிறார்கள்.

தம்பியிடம் ஸ்கிரிப்ட் இருந்தது. எண்ணைத் திருத்தி அப்படியே மறுபடி ஓட்டினோம். அந்தச் சதுரம் பொட்டு அளவுக்குச் சுருங்கியது. வைரம் நகர்ந்துபோய், விளைவே இல்லை என்பதைக் குறிக்கும் பூஜ்ஜியக் கோட்டின் மேல் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், முடிவுரையை முழுசாக அழித்துவிட்டு எழுத உட்கார்ந்தார்.