மடத்து நிலங்களை ஹென்றி சும்மா அள்ளிக் கொடுத்தாரா?

"மன்னர் எட்டாம் ஹென்றி கிறிஸ்தவத் துறவிகளின் மடங்களைப் பிடுங்கி, நிலத்தையெல்லாம் கூட்டாளிகளுக்கு இனாமாக வாரி வழங்கினார்; ஊர்த் தேவாலயங்களையும் மூடிவிட்டார்." இங்கிலாந்து வரலாறு பேசும் பதிவுகளில் இப்படி ஒரு வரி சுற்றுகிறது. பிடுங்கியது உண்மை. மற்றது பெரும்பாலும் தவறு.

இனாம்களும் இருந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் பெரும்பகுதி நிலம் விலைக்குத்தான் போனது. ஒவ்வொரு மடத்துக்கும் வருமானம் எவ்வளவு என்று 1535இலேயே கணக்கெடுத்தாயிற்று. சொத்தை நிர்வகிக்க 1536இல் தனி மன்றமே அமைத்தார்கள். வழக்கமான விலை, நிலத்தின் ஆண்டு வருமானத்தைப்போல் 20 மடங்கு. பிரான்ஸோடு போர் மூண்டதும் விற்பனை இன்னும் வேகமெடுத்தது. கஜானா காலி, வேறென்ன!

யார்க்‌ஷயரின் ஃபவுண்டன்ஸ் மடத்தை 1540இல் வாங்கியவர் லண்டன் வணிகர் ரிச்சர்ட் கிரெஷாம். வில்ட்‌ஷயரின் லேகாக் கன்னிமடத்தை வில்லியம் ஷாரிங்டன் 783 பவுண்டுக்கு வாங்கி, அதன் தேவாலயத்தை இடித்து, மீதியை வீடாக்கிக்கொண்டார். (அந்த வீட்டு ஜன்னலைத்தான் 1835இல் புகைப்படக்கலை முன்னோடி ஃபாக்ஸ் டால்பட் நெகட்டிவில் பிடித்தார்.)

ஊர்த் தேவாலயங்களில் வழிபாடு தொடர்ந்தது. மாறியது தசமபாகம் போய்ச்சேர்ந்த இடம். பல ஊர்களில் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு மடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது அது நிலம் வாங்கியவர் கைக்கு வந்தது. கூடவே தேவாலயத்தின் பீடப்பகுதியைப் பழுதுபார்க்கும் கடமையும் ஒட்டிக்கொண்டது. வார்விக்‌ஷயரின் ஆஸ்டன் கான்ட்லோவில் நிலம் வைத்திருந்த ஒரு குடும்பம் அந்தச் செலவை ஏற்றே ஆகவேண்டும் என்று, அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2003இல்கூடத் தீர்ப்பளித்தது.